வண்டியில் குடியிருப்பவர்களுக்கு வாஷிங் மெஷின்: முதலில் பிழிவதைப் பாருங்கள்

கேரவன் என்றாலே நம்மூரில் ஷூட்டிங்குக்கு வந்து நிற்கிற வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். வருஷம் முழுக்க அதிலேயே குடியிருப்பது என்று கிளம்பியவர்கள் இப்போது சேலத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறோம். அஸ்தம்பட்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தேன். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரம்மாவும் டிராவலர் வண்டியை வீடாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மச்சான் தோட்டத்தில் கொஞ்ச நாள், ரோட்டில் கொஞ்ச நாள் என்று போகிறது. புதிதாக வண்டி கட்டுகிறவர்கள் படுக்கை எங்கே, அடுப்பு எங்கே என்று எல்லாம் முடிவு செய்துவிட்டு, கடைசியில் மெஷினுக்கு மட்டும் எனக்கு போன் போடுகிறார்கள். கேட்பது ஒரே கேள்வி: “அண்ணா, எத்தனை கிலோ எடுக்கலாம்?”

கிலோ அப்புறம். துவைத்த துணியிலிருந்து தண்ணீரை எப்படி வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அழுக்கெடுப்பது பெரிய வேலையே இல்லை. பக்கெட்டில் ஊறப்போட்டு, கும்மி, அலசினால் போகாத அழுக்கு அபூர்வம். வண்டிக்குள் ஆளைப் பாடாய்ப் படுத்துவது ஈரம்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஹீட்டர் போட்டு ஆவியாக்க 0.63 யூனிட்டுக்குக் குறையாமல் கரண்ட் வேண்டும். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது. அதே தண்ணீரைச் சுற்றி வெளியே தள்ள, 200 வாட் மோட்டார் 5 நிமிஷம் ஓடினால் ஆகிற செலவு 0.02 யூனிட்கூட வராது. 3 கிலோ காட்டன் துணியைக் கையால் பிழிந்தால் அதில் 3 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தங்கும். முன்பக்கம் கதவு வைத்த ஃபிரண்ட் லோடில் நிமிஷத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் இரண்டேகால் லிட்டர் போல நிற்கும். 1,400 சுற்று என்றால் ஒன்றரை லிட்டர். பிழிவதில் கிடைக்கிற ஒவ்வொரு லிட்டரும் பேட்டரிக்கு லாபம், கொடியில் தொங்கும் நேரத்திலும் லாபம்.

நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற ஆர்.பி.எம். ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுற்றுகிற வேகம் இரட்டிப்பானால் பிழிகிற விசை நான்கு மடங்காகும். டிரம் அகலமானால் விசையும் அந்த அளவுக்குக் கூடும். டாப் லோட் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் டிரம் அகலம், ஆனால் சுற்றுவது 700 போல. துவைக்க ஒரு டப், பிழிய ஒரு டப் என்று வருகிற செமி ஆட்டோமேட்டிக்கின் ஸ்பின் டப் சின்னதுதான், ஆனால் 1,300க்கு மேல் சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதி விலைக்கு வருகிற செமி, அந்த டாப் லோடைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசையில் பிழிகிறது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். டாப் லோடில்தானே அவர்களுக்கு மார்ஜின்! ஃபிரண்ட் லோட் 1,200 சுற்று இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதன் தொல்லைகள் வேறு, பின்னால் வருகிறேன்.

இனி தண்ணீர். ஓமலூர்க்காரத் தம்பி ஒருவர், துவைத்து உலர்த்தியும் தருகிற காம்போ மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டுப் பேசினார்.

“அண்ணா, உள்ள போட்டா காஞ்சே வெளிய வந்துடுதாம்.”

“சரி தம்பி, டேங்க் எத்தன லிட்டரு?”

“நூத்தி அம்பதுங்கண்ணா.”

“அப்ப துவைக்கற அன்னைக்குக் குளிக்க வேணாமா?”

ஈரக்காற்றை வெளியே விடுகிற குழாய், அதாவது வென்ட், இல்லாத காம்போக்களில் பலதும், டிரம்மிலிருந்து வருகிற சூடான ஈரக்காற்றைக் குளிரவைப்பதற்கே குழாய்த் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். துவைக்க மட்டுமல்ல, உலர்த்தவும் டேங்க் காலியாகும் என்று அர்த்தம். அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிக்கென்றே வருகிற காம்போக்களில் வென்ட் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையும் உண்டு. அங்கே கேம்ப் கிரவுண்டில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் மூன்றையும் வண்டியோடு இணைத்துவிட்டு உட்காருவார்கள். அந்த வீடியோவைப் பார்த்து இங்கே மெஷின் வாங்கினால் கணக்கு உதைக்கும்.

கரண்டும் அப்படித்தான். அவர்கள் ‘30 ஆம்ப் கனெக்‌ஷன்’ என்பது 120 வோல்ட்டில், அதாவது 3,600 வாட். நம் வீட்டு 16 ஆம்ப் பவர் பிளக் 230 வோல்ட்டில் 3,680 வாட் தரும். ஆனால் அங்கே பெரிய வண்டிக்காரர்களின் 50 ஆம்ப் கனெக்‌ஷனில் 120 வோல்ட் லைன் இரண்டு வரும், மொத்தம் 12,000 வாட். வாஷர் தனி, டிரையர் தனி என்று அடுக்கி வைத்திருக்கிற வண்டிகள் பெரும்பாலும் அந்த ஜாதி. தோட்டத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கரண்ட் எடுக்கிற நமக்கு அது ஒத்துவராது.

லிட்டர் கணக்கு கையோடு சொல்லிவிடுகிறேன். டாப் லோட் ஒரு ஓட்டத்துக்கு 100 லிட்டரை சர்வசாதாரணமாகத் தாண்டும். ஃபிரண்ட் லோட் 6 கிலோ என்றால் 50 லிட்டர் போல எடுக்கும், தண்ணீரில் அதுதான் சிக்கனம். செமியில் கட்டுப்பாடு உங்கள் கையில். எங்கள் முறை இது: துவைக்க 25 லிட்டர். அலசுவதற்கு முன்னால் சோப்போடு ஒரு தடவை ஸ்பின்னில் போட்டுவிடுவோம், நுரையில் பாதி அங்கேயே போய்விடும். அப்புறம் பக்கெட்டில் 15 லிட்டரில் ஒரு அலசல், ஸ்பின், இன்னொரு 15 லிட்டர், மறுபடி ஸ்பின். கடைசி அலசல் தண்ணீரைக் கொட்டுவதில்லை. மறுநாள் ஊறப்போட அதுதான். ஆகக்கூடி 40 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

சேலத்து போர்வெல் தண்ணீரில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். மாமாங்கம் பக்கம் மண்ணை வெட்டினால் வெள்ளைக்கல் வருகிற ஊர் நம்முடையது. போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்க அழும், அதற்காகத் தூளை அள்ளிக் கொட்டினால் அலச இரண்டு பக்கெட் கூடுதலாகப் போகும். மேட்டூர்த் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள். ஹீட்டர் உள்ள மெஷினில் போர்வெல் தண்ணீர் விட்டால் காயில் மேல் வெள்ளையாகப் படிந்து, தட்டினால் ஓடு மாதிரி உதிரும். கடையில் இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ காயில் மாற்றியிருக்கிறேன்.

சரி, எந்த மெஷின்?

இரண்டு பேர், 150 லிட்டர் டேங்க், 12 வோல்ட் 200 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரி. எங்களிடமும் அதுதான், நிறைய பேரிடமும் அதுதான். அந்த பேட்டரியில் மொத்தமே இரண்டரை யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், லேப்டாப் எல்லாம் அதிலிருந்துதான். டிரையர் ஒரு தடவை ஓடினாலே 2 யூனிட்டுக்கு மேல் போய்விடும். ஆகவே டிரையர், காம்போ இரண்டையும் மறந்துவிடுங்கள். ஹீட்டருக்குப் பதிலாக ஏ.சி. மாதிரி கம்ப்ரஸர் வைத்த ஹீட் பம்ப் டிரையர் பாதிக்கும் குறைவான கரண்டில் உலர்த்தும், உண்மைதான். ஆனால் அது ஒரு பீரோ அளவு இடத்தையும் ஏறக்குறைய ஒரு ஆள் எடையையும் கேட்கும்.

75 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்க முடிந்தால் 6.5 அல்லது 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக். பிளாஸ்டிக் உடம்பு, 20 கிலோவைச் சுற்றித்தான் எடை, ஒரே ஆள் தூக்கி வெளியே வைத்துத் துவைக்கலாம். திருகுகிற டைமர் உள்ளதாக எடுங்கள். எலெக்ட்ரானிக் போர்டு வைத்த மெஷின், ஏற்காட்டு ஈரத்திலும் ரோட்டுக் குலுக்கலிலும் எப்போது ‘எரர்’ காட்டும் என்று சொல்ல முடியாது. திருகு டைமர் போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் அரை மணியில் மாற்றிவிடுவார்.

அவ்வளவு இடம் இல்லையா? ஸ்பின் டிரையர் என்று பிழிவதற்கு மட்டும் தனி டப் விற்கிறார்கள், பக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெயரில் டிரையர் என்று இருந்தாலும் அதில் ஹீட்டர் கிடையாது. துவைக்க மூடி போட்ட பெரிய பக்கெட் போதும். என்னைக் கேட்டால் சின்ன வண்டிக்கு இதுதான் முதல் சாய்ஸ். வெறும் துவைக்கிற மினி மெஷினையோ, மடித்து வைக்கிற பக்கெட் மெஷினையோ தயவுசெய்து வாங்காதீர்கள். கையால் சுலபமாகச் செய்கிற வேலையை அது செய்யும், கையால் முடியாத வேலையை உங்களிடமே விட்டுவிடும்.

ஃபிரண்ட் லோட், பஸ் அளவு வண்டிக்கு. 300 லிட்டர் டேங்க், பெரிய பேட்டரி, குழந்தைகள், தினமும் யூனிஃபார்ம் என்று இருந்தால் 6 கிலோ ஃபிரண்ட் லோட் எடுக்கலாம். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எடை: டிரம் ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருப்பார்கள், 55 கிலோவுக்குக் குறையாது. இரண்டு, ஹீட்டர்: 2,000 வாட் ஹீட்டர் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். பச்சைத் தண்ணீரில் துவைக்கிற செட்டிங் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், பல மெஷினில் காட்டன் புரோகிராம் போட்டாலே 40 டிகிரிக்குப் போய்விடும். மூன்று, தண்ணீர் அழுத்தம்: ஆட்டோமேட்டிக் வால்வு திறக்க 3 முதல் 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமாவது வேண்டும். வண்டிக் கூரையில் டேங்க் வைத்தால் இரண்டு மீட்டர்தான் வரும், மெஷின் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். 12 வோல்ட் பிரஷர் பம்ப் வைத்தால் பிரச்சினை இல்லை.

இன்வெர்ட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருகிற சைன் வேவ்தான் வாங்க வேண்டும். ஸ்கொயர் வேவில் போட்டால் செமியின் மோட்டார் உறுமும், சூடாகும், ஒரு நாள் வாசனை வரும். 350 வாட் மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும், ஆகவே 1,500 வாட் சைன் வேவ் இருந்தால் நிம்மதி.

மாட்டுவதும் மலையேறுவதும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியின் பின் ஓரத்தில் உயரமாக மெஷினை வைத்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் உங்களுக்குச் சொல்லும். எடையானது எதுவானாலும் இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு தரையாக வையுங்கள். அடியில் பிளைவுட் மட்டும் இருந்தால் போதாது, சேசிஸில் பிடித்த இரும்பு ஃபிரேம் வேண்டும்.

ஃபிரண்ட் லோட் புதிதாக வரும்போது பின்பக்கம் மூன்று நான்கு நீளமான போல்ட் இருக்கும். வழியில் டிரம் ஆடி ஸ்பிரிங் போகாமல் இருக்க கம்பெனியில் போட்டு அனுப்புவது, டிரான்சிட் போல்ட் என்பார்கள். இன்ஸ்டால் பண்ண வருகிற பையன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். வீட்டில் அது குப்பை, வண்டியில் அது உயிர். வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீண்ட தூரம் போகும்போதும், மலை ஏறி இறங்கும்போதும் திரும்ப முடுக்குங்கள், துவைக்கிற முன்னால் கழற்ற மறக்காதீர்கள். முடுக்கியபடியே ஸ்பின் போட்டால் மெஷின் வண்டியையே உலுக்கிவிடும். பின்பக்கம் கை போகிற மாதிரி இடம் விட்டு மாட்டினால்தான் இதெல்லாம் நடக்கும். செமிக்கு அந்த வம்பு இல்லை. ஸ்பின் டப்பைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைத் திணித்து மூடியைக் கட்டிவிட்டால் போதும்.

நின்ற இடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஏற்காட்டில் சமதரை கிடைப்பது குதிரைக் கொம்பு. டயருக்கு அடியில் கட்டை கொடுத்துச் சமன் செய்யாமல் ஸ்பின் போட்டால் ஃபிரண்ட் லோட் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேலன்ஸ் இல்லை என்று நின்றுவிடும். செமி நிற்காது, ஆனால் டடடடவென்று இடிக்கும். இடிக்கிற சத்தம் வந்தால் உடனே மூடியைத் திறந்து துணியைப் பிரித்து வட்டமாக அடுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் வலைத்தட்டை அழுத்துங்கள். முக்கால்வாசி இடி அதிலேயே நின்றுவிடும்.

சோப்புத் தண்ணீரைத் தோட்டத்து ஓடையில் விடாதீர்கள், கீழே குடிதண்ணீருக்கு அதுதான் போகிறது. துவைக்கிற தண்ணீர் அவ்வளவும் கழிவு டேங்கில் கொள்ள வேண்டும், இல்லையென்றால் மலையில் துவைக்காதீர்கள். சேலம் லாரி ஊர் என்பதில் ஒரு வசதி: கொண்டலாம்பட்டி, சங்ககிரி என்று பைபாஸ் ஓரமெல்லாம் லாரி வாட்டர் சர்வீஸ் பட்டறைகள். கேட்டுவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அங்கே கழிவைத் திறந்துவிடலாம், டேங்க்கும் நிரப்பிக்கொள்ளலாம்.

காயப்போடுவது

ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் நடுப்பகலில்கூட எதிர் மரம் தெரியாது. அந்த நாளில் வெளியே கொடி கட்டினால் காலையில் போட்டதைவிடச் சாயங்காலம் துணி கனமாக இருக்கும். வண்டிக்குள் கட்டினால் துணியிலிருந்து போகிற ஈரம் முழுக்கத் தகரச் சுவரில் முத்து முத்தாகப் படியும், பிளைவுட் பின்னால் பூஞ்சை பிடிக்கும். இதற்கு எங்களிடம் இருக்கிற வழி, தினமும் கொஞ்சம் துவைப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைக்கிற பழக்கத்தை வீட்டோடு விட்டுவிட வேண்டும். ஒரு நாள் துணி என்றால் ஸ்பின்னில் இரண்டு தடவை போட்டு எடுத்து, கூரை ஃபேனைத் திறந்து, கொடிக்கு நேராக 12 வோல்ட் ஃபேன் ஒன்றை ஓடவிட்டால் ராத்திரிக்குள் உடுத்துகிற பதத்துக்கு வந்துவிடும். காற்று உள்ளே வர ஒரு ஜன்னல், வெளியே போகக் கூரை. இரண்டில் ஒன்றை மூடினாலும் பிரயோஜனமில்லை.

டர்க்கி டவல் ஒன்று கொடியில் தொங்கினால் நாள் முழுக்கச் சொட்டும். அதை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறுங்கள். துடைப்பதும் நன்றாகத் துடைக்கும், பிழிந்தால் பாதி காய்ந்த மாதிரி இருக்கும். ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பளி, மெத்தை விரிப்பு எல்லாம் வண்டி மெஷினுக்குச் சேர்ந்தவை இல்லை. “ஏங்க, இந்தக் கம்பளிய வேற இதுல போட்டுச் சாவடிக்கணுமா?” என்று எங்கள் வீட்டம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கீழே இறங்குகிற அன்றைக்குச் சேலத்தில் சலவைக் கடையில் போட்டுவிட்டு, மறுமுறை ஏறும்போது எடுத்துக்கொள்கிறோம். மலையில் பிழிந்து வைத்த மிச்சத் துணியையும் அப்படித்தான், கன்னங்குறிச்சி வெயிலில் ஒரு மணி நேரம் கொடியில் போட்டால் முறுமுறுவென்று ஆகிவிடும்.

செமி வாங்குகிறவர்கள் கையோடு சில ஸ்பேரும் வாங்கிவிடுங்கள். முக்கியமாக ஸ்பின் டப்புக்கு அடியில் ஒரு ரப்பர் பெல்லோஸ் இருக்கும், மடிப்பு மடிப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு. டப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீரைத் தடுப்பது அது ஒன்றுதான். அதில் மயிரிழை விரிசல் விட்டால் தண்ணீர் தண்டோடு இறங்கி நேராக மோட்டார் மேல் சொட்டும். மெஷின் அடியில் ஸ்பின் பக்கம் மட்டும் ஈரம் தெரிந்தால், ஓஸ் லீக் என்று நினைத்துவிடாதீர்கள், டார்ச் அடித்து பெல்லோஸைப் பாருங்கள். துருவின் நிறத்தில் ஒரு கோடு மோட்டார் மேல் ஓடியிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பெல்லோஸ் ஒன்று, வாஷ் பக்கத்து பெல்ட் ஒன்று, இரண்டு மோட்டாருக்கும் கெப்பாசிட்டர், பிரேக் ஒயர். எல்லாம் சேர்த்து ஒரு டிபன் டப்பாவில் அடங்கும். மெஷின் மாடலை மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், வெளியூர் ஸ்பேர் கடையில் முதலில் கேட்பது அதைத்தான்.